மார்கழிப் பனியில் கூத்து ஒத்திகை: ஆள் குறைவது ஆசை குறைந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை, மார்கழி வந்தால் தெருக்கூத்து ஒத்திகைக்கு ஆள் சேர்வதில்லை என்பது நம் பக்கத்து ஜமாக்களில் (கூத்துக் குழுக்களில்) ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டமாகிவிட்ட பழைய வட ஆற்காட்டில் எந்த வாத்தியாரைக் கேட்டாலும், "பசங்களுக்கு முன்ன மாதிரி ஆசை இல்ல" என்பார். அதே பசங்கள்தான் பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டி, விடிய விடியக் கிறுக்கி (சுழல் ஆட்டம்) சுற்றுகிறார்கள். ஆசை மூன்று மாதத்தில் வற்றி மறுபடியும் ஊறுகிற கிணறு இல்லை. குளிர் காலத்தில் ஆளை விரட்டுவது ஒத்திகையை நடத்துகிற விதம். அது திருத்தக்கூடியது என்பதால் இந்தக் கடிதம்.

வேலூருக்கு வெயில், கடும் வெயில் என்று இரண்டே பருவம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். மார்கழி விடியற்காலையில் கழனி ஓரக் கோயில் களத்தில் வெற்றுக்காலோடு நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பதினாறு பதினேழு டிகிரிக்கு இறங்கும். ஊட்டிக்காரருக்கு அது குளிரே இல்லை. ஆனால் நாற்பது டிகிரிக்குப் பழகிய உடம்பு, பகலெல்லாம் கரும்பு வெட்டியோ நெல் அறுத்தோ வியர்த்துவிட்டு, ராத்திரி பனியில் சும்மா உட்கார்ந்திருந்தால் விறைத்துப்போகிறது. 'சும்மா உட்கார்ந்திருந்தால்' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். ஆடுகிறவனுக்குக் குளிர் தெரியாது. காத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

முதலில் நாள்காட்டி. மயானக் கொள்ளை, சிவராத்திரிக்குள் புது நாடகம் ஒன்று தயாராக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று மாதம் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அத்தனை இல்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு ஜமாவில் நான்கைந்து பேராவது இருப்பார்கள். மலைக்குப் போகிற நாள் ஒவ்வொருவருக்கும் வேறு. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை பக்கத்துக்காரர்களை எதிர்பார்க்கவே முடியாது. பள்ளிப் பிள்ளைகள் வேஷம் போட்டால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மார்கழி முழுக்க விடியற்காலை பஜனைக்குப் போகிறவர்கள் ராத்திரி பதினொரு மணிவரை விழித்திருக்க மாட்டார்கள். தை பிறந்தால் சம்பா அறுவடை. தைப்பூசத்துக்கு மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டுகிற வீடுகள் வேறு. பொங்கலுக்கு ஒரு வாரம் யாரையும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் சாபம்தான் கிடைக்கும். இவற்றைக் கழித்தால் எல்லோரும் சேர்ந்து இருக்கிற நாட்கள் இருபதுக்கு மேல் தேறாது. இதை ஐப்பசி மாதமே ஒரு தாளில் எழுதி, யார் எந்தத் தேதி வர மாட்டார் என்று அவரவர் வாயால் கேட்டுக் குறித்துக்கொண்டால், பிறகு "நீ ஏன் வரல" என்ற சண்டையில் பாதி இல்லாமல் போகும். சொல்லாமல் நின்றுவிடுகிறவர்களில் பலர், முன்கூட்டியே யாரும் கேட்காததால் சொல்லக் கூச்சப்பட்டு நின்றவர்கள்.

வேலையைப் பருவத்துக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்வதும் அவசியம். கார்த்திகையில் மழை இன்னும் விட்டிருக்காது. ஈசல் பறக்கும், களம் சேறாக இருக்கும். அது உட்கார்ந்து பாடம் கேட்கிற காலம். விருத்தம், தரு ஆகிய பாட்டுகள், வசனம் எல்லாம் திண்ணையிலோ கூடத்திலோ வாயில் ஏற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மார்கழியில் பாட்டோடு அடவு (ஆட்ட அசைவு) சேர்ப்பது, அதுவும் கட்டம் கட்டமாக, இரண்டு மூன்று பேராக. பொங்கலுக்குப் பிறகு முழு ஓட்டம். விடிய விடிய நடத்துகிற ஒத்திகை மொத்தத்தில் இரண்டு போதும், இரண்டும் தை கடைசியில், சனிக்கிழமை ராத்திரிகளில். மார்கழி நடுவில் முழு ராத்திரி ஒத்திகை வைப்பது வீரம் மாதிரித் தெரியும். மறுநாள் ஒன்பது பேருக்கு வேலைக்குப் போக முடியாது, அடுத்த ஒத்திகைக்கு நான்கு பேர் குறைவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகிறவர்களை விடியற்காலையிலேயே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு நாள் கூலியைக் கூத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தாலும் வீட்டில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தினசரி நேரம் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதேகால். அதற்கு மேல் இழுக்கக் கூடாது. எந்த ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும். இதில் செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு: நடுராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒத்திகையை முடித்து, ஒரு பைக்கில் மூன்று பேராக அனுப்புவது. பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் இந்த மாதங்களில் விடியலை ஒட்டி மூடுபனி இறங்கினால் முன்னால் நிற்கிற லாரி தெரியாது. ஒன்று, ஒன்பதேகாலுக்கு முடிக்க வேண்டும். இல்லை, பாயும் போர்வையும் கொடுத்து அங்கேயே படுக்க வைத்து வெளுத்தபிறகு அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு வழி கிடையாது.

காத்திருப்பைக் குறைப்பது எப்படி? எட்டு மணி நேர நாடகத்தை இருபது இருபத்தைந்து கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் யார் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பார். அவரை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு கட்டத்தில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான். அப்படியிருக்க, பதினெட்டுப் பேரையும் ஆறரைக்கு வரச் சொல்லி, பதினான்கு பேரைச் சுவரோரம் துண்டு போர்த்தி உட்கார வைப்பது என்ன நியாயம்? சின்ன வேஷக்காரர்களின் கட்டங்களை ஒரே நாளில், முதல் ஒரு மணி நேரத்தில் முடித்து, எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். துவாரபாலகன், சேனாதிபதி, தோழி போன்ற வேஷங்களை ராஜ வேஷத்துக்குப் பின்னால் நிறுத்தி வைக்கிற பழக்கம் ஆட்டத்தின் மரியாதைக்கு வந்தது. ஒத்திகையில் அதற்கு வேலை இல்லை. வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் மட்டும் வந்து, முழுக்க ஆடிவிட்டுப் போகிறவர் அடுத்த வாரம் தவறாமல் வருவார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆடியவர் வர மாட்டார்.

நேரத்துக்குத் தொடங்க ஒரு நல்ல வழி நம் கூத்திலேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் வாத்தியங்களை முழக்கிக் களரி கட்டுகிறோம் அல்லவா, அதை ஒத்திகைக்கும் செய்யுங்கள். ஆறரைக்கு இரண்டு பேர்தான் வந்திருந்தாலும் மிருதங்கமும் கைத்தாளமும் பத்து நிமிடம் ஒலிக்கட்டும். சத்தம் தெருக்கோடி வரை போகும். தாமதித்தவரைத் திட்டுவதைவிட, அவர் இல்லாமலே தொடங்கிவிட்டார்கள் என்று அவர் காதாலேயே கேட்பது நன்றாக வேலை செய்யும்.

திருத்துகிற முறையும் குளிரோடு சம்பந்தப்பட்டது. இதைப் பல வாத்தியார்கள் கவனிப்பதில்லை. அடவு ஒன்று தப்பியதும் கையைத் தூக்கி நிறுத்தி, பத்து நிமிடம் விளக்கி, மறுபடி ஆடச் சொல்வது கோடையில் செல்லும். பனிக் காலத்தில் நிறுத்திய ஐந்தே நிமிடத்தில் கெண்டைக்கால் இறுகிவிடும். அடுத்து எழுந்து கிறுக்கி எடுத்தால் குதிகால் நரம்பு பிடிக்கும், முட்டி வாங்கும். ஆகவே ஒரு கட்டத்தைப் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் தவறோடு ஓடவிட்டு, முடிந்ததும் மூன்றே மூன்று திருத்தம் மட்டும் சொல்லி, உடனே மறுபடி ஓட்ட வேண்டும். நான்காவது திருத்தத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாத திருத்தத்தைத் தண்ணீர் குடிக்கும்போது தனியாகச் சொல்லலாம். வாத்தியார் திட்டினால்தான் வித்தை வரும் என்பது ஒரு காலத்து நம்பிக்கை. அந்தக் காலத்துப் பையனுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றுவதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். சலங்கை வேண்டாம். ஐந்து நிமிடம் களத்தைச் சுற்றி நடை, கணுக்கால் இரண்டு பக்கமும் இருபது சுற்று, சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் இழுப்பு. பிறகு முதல் காலத்தில் நடை அடவு, அடுத்து இரண்டாம் காலம். கிறுக்கியை முதலில் அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று, வலமும் இடமும் மாற்றி. அதற்குப் பிறகுதான் சலங்கை. இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவர் மறுபடி ஐந்து நிமிடம் நடந்துவிட்டே ஆட வேண்டும். குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதிப்பதைவிட மண் தரை நல்லது. சிமெண்டுதான் கிடைத்தது என்றால் கோணியை இரண்டு மடிப்பாக விரித்து ஓரங்களைத் தைத்துவிடுங்கள். தார்ப்பாய் மட்டும் வேண்டாம். பனி பட்ட தார்ப்பாய் எண்ணெய் ஊற்றிய தரை மாதிரி வழுக்கும்.

பனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பனி 'இறங்குகிறது' என்று சொல்கிறோமே தவிர, அது மழைபோல் மேலிருந்து விழுவதில்லை. வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் திறந்த வெளியில் கிடக்கிற தரை, துணி, தோல், உலோகம் எல்லாம் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கின்றன. காற்றில் உள்ள ஈரம் அவற்றின்மேல் நீராகப் படிகிறது. தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் அந்தச் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனால்தான் வேப்பமரத்தடியில் இருக்கிற கட்டில் நனையாமல், முற்றத்துக் கட்டில் நனைகிறது. ஆகவே நான்கு பக்கமும் சுவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே கீற்றுப் பந்தல் ஒன்று இருந்தால் பனித்தொல்லை பெரும்பகுதி தீரும். இருபதுக்கு இருபது அடி போதும், பழைய கீற்றானாலும் சரி. பிளாஸ்டிக் சீட்டு போட்டால் அதன் அடிப்பக்கமே வியர்த்துச் சொட்டும். வாடைக்கு வடகிழக்குப் பக்கம் மட்டும் பழைய புடவையோ படுதாவோ கட்டினால் போதுமானது.

குளிர் காய நெருப்பு வைப்பதில் எச்சரிக்கை வேண்டும். டயர், பிளாஸ்டிக், சருகு எதையும் எரிக்கக் கூடாது. அந்தப் புகையை ஒரு ராத்திரி இழுத்த பின்பாட்டுக்காரருக்கு மூன்று நாளைக்குக் குரல் எழும்பாது. கரிக்கணப்புச் சட்டி நல்லது. ஆனால் வெளியில், காற்று போகும் இடத்தில் மட்டும். வகுப்பறையின் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி மூட்டினால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். வேஷத் துணிகளிலிருந்து ஐந்தடியாவது தள்ளியே சட்டி இருக்க வேண்டும். பாவாடை நைலான், ஒரு பொறி பட்டாலும் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

குரலுக்கு வருவோம். கோடையில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவரை மார்கழி முதல் வாரத்தில் அதே ஐந்தில் நிறுத்தினால் இரண்டு பாட்டிலேயே தொண்டை கரகரக்கும். அதன் பிறகு பயந்துகொண்டே பாடுவார், பயந்தவர் வருவதைக் குறைத்துக்கொள்வார். ஒத்திகை முழுக்க நான்கு கட்டையில் ஓட்டுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் நாலரை, பிறகு ஐந்து. அப்படி ஏற்றாமல் நேராகக் களத்தில் ஐந்துக்குப் போனாலும் தப்பு. மூச்சு எங்கே எடுப்பது என்ற கணக்கு மாறிவிடும். வசனத்தைக் கத்தியும் சொல்ல வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். கிசுகிசுப்பு தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள், இல்லை. பேசுகிற குரலில் சொல்வதுதான் ஓய்வு. அடிக்கடி கனைப்பதை நிறுத்திவிட்டு ஒரு மிடறு வெந்நீர் விழுங்கச் சொல்லுங்கள்.

இருபது பேருக்குச் சுக்குக் காப்பி அளவு: தண்ணீர் மூன்றரை லிட்டர், தட்டிய சுக்கு 40 கிராம், கொத்தமல்லி விதை 60 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் நான்கு, பனைவெல்லம் 300 கிராம். வெல்லம் தவிர மற்றதைப் பொடித்துப் போட்டு மூன்று லிட்டராக வற்றும்வரை கொதிக்க வைத்து, கடைசியில் வெல்லம் சேர்த்து வடிகட்டினால் தலைக்கு 150 மில்லி வரும். சுக்கைக் கூட்டினால் காரம் தொண்டையைக் கிழிக்கும், தாராளம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. பாடுகிறவர்கள் பால் சேர்க்காமல் குடிப்பதே வழக்கம். தின்பதற்குச் சுண்டல். இருபது பேருக்குக் கொண்டைக்கடலை ஒரு கிலோ. கோடையில் எட்டு மணி நேரம் ஊறினால் வேகும் கடலை, குளிரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். காலையிலேயே ஊறப்போட மறந்தால் அன்றைக்குச் சுண்டல் கல்தான். கார்த்திகையில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) கிடைத்தால் அதைவிடச் சுகம் வேறில்லை, ஆனால் பாட்டு முடிந்தபிறகு. காப்பியையும் சுண்டலையும் ஏழரை மணிக்கு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். வாத்தியாருக்கு முதலில், மைக் செட்டுப் பையனுக்கு மீதி என்று ஆகக் கூடாது. சில ஜமாக்களில் ஆள் நிற்பதும் நிற்காததும் இதில்தான் முடிவாகிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இசைக்கருவிகள் சரியில்லாத ஒத்திகை எல்லோர் மனதையும் சோர வைக்கும். காரணம் தெரியாமல் பாடுகிறவரைக் குறை சொல்வார்கள். ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிக்கிறவர் கல்லாலும் புள் என்ற மரத்துண்டாலும் விளிம்பைத் தட்டி ஏற்றுவார். அரை மணியில் மறுபடி இறங்கும், மறுபடி தட்டுவார். அப்படி ராத்திரி வலிந்து ஏற்றிய தோல் மறுநாள் பத்து மணி வெயிலில் காய்ந்து இறுகும்போதுதான் வார் அறுவதும் வலந்தலை (வலப்பக்கத் தோல்) கிழிவதும். ஆகவே வாத்தியத்தை ஒத்திகை இடத்துக்கு அரை மணி முன்பே கொண்டுவந்து கம்பளியில் சுற்றி வைக்க வேண்டும். அந்த இடத்துக் காற்றுக்கு அது பழகியபிறகு ஒரே தடவை சுருதி சேர்க்கலாம். முடிந்ததும் விளிம்பைக் கீழிருந்து தட்டிக் கொஞ்சம் இறக்கிவிட்டே உறையில் போட வேண்டும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) வைத்த ரவையை அன்றன்றே சுரண்டி எடுக்காவிட்டால் குளிரில் அது காயாமல் தோலைப் புளிக்க வைக்கும், எறும்பும் வரும். கணப்பில் காட்டுவதென்றால் நான்கடி தள்ளி, திருப்பித் திருப்பி.

முகவீணை (நாகஸ்வரம் போன்ற சிறிய குழல்) வைத்திருக்கிற ஜமாக்களுக்கு இன்னொரு சிக்கல். காற்றுக் கருவியின் சுருதி காற்றின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். பத்து டிகிரி குறைந்தால் அரைச் சுருதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஆர்மோனியத்தின் ரீடு அப்படி இறங்காது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது காதில் உறுத்தும், யார் மேல் தப்பு என்று பார்வைகள் சுழலும். சீவாளியை நனைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் தனியாக ஊதினால் மூச்சுச் சூட்டில் குழல் ஏறி வரும். அதற்குமுன் ஆர்மோனியத்தோடு சேர்க்கக் கூடாது. ஆர்மோனியத்துக்குப் பனியில் வேறு நோய்: மரம் ஈரம் குடித்துக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், ரீடில் பச்சை படியும். திறந்த களத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகாமல் இருந்தாலே பாதி காப்பாற்றப்பட்டது.

கட்டை என்று சொல்கிற மர அணிகளையும் நகைகளையும் மார்கழியில் வெளியில் எடுக்கவே வேண்டாம். கிரீடம், புஜகீர்த்தி (தோள் அணி), மார்ப்பதக்கம் எல்லாம் இலேசான மரம். ஈரம் ஏறினால் கனக்கும். வச்சிரப் பசை இளகிக் கண்ணாடி உதிரும், ஜிகினா உரியும். ஆனால் கிரீடத்தின் பாரம் இல்லாமல் பழகிய கழுத்து முதல் ஆட்டத்தில் திணறும். அதற்கு வழி, கிரீடத்தைத் தராசில் வைத்து எடை பார்த்து, அதே எடைக்கு மணலைத் துணியில் முடிந்து, துண்டால் தலைப்பாகைபோல் கட்டிக்கொண்டு பழகுவது. கிறுக்கி எடுக்கும்போது பாரம் பக்கவாட்டில் இழுப்பது அப்போதே பழகிவிடும்.

அரிதாரம் போட்டுப் பார்ப்பது இரண்டு முறை போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்த எண்ணெயில் குழைத்த வெள்ளை முகத்தில் திட்டுத் திட்டாக இழுக்கும், எத்தனை தேர்ந்த கையானாலும். எண்ணெய்ப் புட்டியை வெந்நீர்ச் செம்பில் நிற்க வைத்துக்கொண்டே குழைக்க வேண்டும். பனிவெடிப்பு உள்ள முகத்தில் பழைய மஞ்சள் அரிதாரத்தைப் பூசவே கூடாது, அது ஆர்செனிக் கலந்த கனிமம். கடையில் சபேதா என்று வெள்ளைப் பொடி வாங்கும்போதும் அது ஜிங்க் ஆக்சைடுதானா என்று கேட்டு வாங்குங்கள். ஈய வெள்ளையும் அதே பேரில் விற்றிருக்கிறது. வேஷம் கலைக்கும்போது வெந்நீர் வேண்டும், பத்துப் பேருக்கு இரண்டு அண்டா. பச்சைத் தண்ணீரில் எண்ணெய் கரையாது, முகத்தைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி வெந்நீர் காத்திருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு மணிக்கே மனம் தெம்பாகும்.

திரை பிடிப்பவர், பெட்டி சுமப்பவர், விளக்கும் மைக்கும் பார்ப்பவர் இவர்களை ஒத்திகையில் நாம் ஆளாகவே நினைப்பதில்லை. அவர்களை முதல் ஒரு மாதம் கூப்பிடவே வேண்டாம். சும்மா உட்கார வைக்கிற அளவுக்கு அவமானம் வேறில்லை. கூப்பிட்ட பிறகு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். வேஷம் திரைக்குப் பின்னிருந்து தோன்றும் திரைப் பிரவேசத்தில் எந்த அடிக்குத் திரை நடுங்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு விலக வேண்டும் என்று அவரே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கட்டும். வாத்தியார் வாயால் சொல்லி நினைவில் வைப்பது ஒருநாள் காய்ச்சலில் போய்விடும். மைக்கை ஒத்திகைக்குக் கொண்டுவர வேண்டாம், பனியில் கெடும், ஈர ஒயரில் ஷாக் அடிக்கும். மேடையில் மைக் தொங்குகிற இடங்களில் கயிற்றில் கொட்டாங்குச்சி கட்டித் தொங்கவிடுங்கள். வசனம் பேசும்போது அதன் கீழ் வந்து நிற்கப் பழகினால் ஆட்டத்தன்று மைக் செட்டுக்காரர் ஓடி ஓடித் திருக வேண்டியிருக்காது. விளக்குக்கு 20 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு போதும். கார்த்திகையில் ஈசல் மொய்க்கும் நாட்களில் மூன்றாவது பல்பு ஒன்றை முப்பதடி தள்ளிக் கட்டி, களத்துப் பல்புகளை மங்கலாக்கிவிட்டால் பெரும்பாலானவை அங்கே போய்விடும். இல்லாவிட்டால் விருத்தத்தை இழுக்கும்போது வாய்க்குள் போகும்.

இது காய்ச்சல் காலமும்கூட. முக்கிய வேஷம் ஒவ்வொன்றுக்கும் இரண்டாமவர் ஒருவர் பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், காய்ச்சலில் மூன்று நாள் வராதவருக்கு வேஷம் பறிபோகாது என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. வேஷம் போய்விடும் என்ற பயத்தில்தான் இருமிக்கொண்டே வந்து, ஒரே வாரத்தில் ஜமா முழுவதையும் படுக்கையில் போடுகிறார்கள்.

மார்கழி நடுவில் ஒரு தொய்வு கட்டாயம் வரும். புதிதாகக் கற்கிற சுகம் போய், ஆடிக்காட்டுகிற சுகம் இன்னும் வராத காலம். அதிகம் பாதிக்கப்படுவது கட்டியக்காரன்தான். அவர் சிரிப்பை முப்பது தடவை கேட்ட சக ஆட்டக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், அவரும் அதைச் சுருக்கிக்கொண்டே வருவார், தையில் பார்த்தால் நகைச்சுவையே காணாமல் போயிருக்கும். சனிக்கிழமைதோறும் தெருவிலிருந்து பத்துப் பேரை, கூடுமானவரை கிழவிகளையும் குழந்தைகளையும் அழைத்து ஒரே ஒரு கட்டத்தை இருபது நிமிடம் ஆடிக் காட்டுங்கள். கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வாதாடுகிற இடம் மாதிரி ஏதாவது ஒன்று. கூடவே ஒரு கரும்பலகையில் கட்டங்களின் எண்ணை வரிசையாக எழுதி, தேறியதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாத வேலையை யாரும் நெடுநாள் செய்ய மாட்டார்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: ஒத்திகைக்குச் சம்பளம் தர எந்த ஜமாவாலும் முடியாது. பஸ் காசு தர முடியும். அதை அன்றன்று கையில் தர வேண்டும், 'சீசனில் கழித்துக்கொள்ளலாம்' என்று முன்பணக் கணக்கில் எழுதக் கூடாது.

இத்தனையும் ஜமாவே செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் ஊர் செய்ய வேண்டும், அதைக் கேட்கவே தங்கள் நாளிதழை நாடுகிறோம். பெரும்பாலான ஊராட்சிகளில் சமுதாயக் கூடமோ பள்ளி வராந்தாவோ மாலை ஆறு மணிக்குப் பூட்டிக் கிடக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை, வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை அந்த வராந்தாவைக் கூத்துக்கும் நாடகத்துக்கும் திறந்துவிட ஊராட்சித் தலைவர்களும் தலைமையாசிரியர்களும் முன்வர வேண்டும். வகுப்பறை வேண்டாம், பெஞ்சு வேண்டாம். கூரை, ஒரு மின் இணைப்பு, பூட்டாத கழிவறை. கழிவறையைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், இப்போது பெண்களும் வேஷம் கட்டுகிறார்கள். இருட்டில் ஒதுங்க இடமில்லாத ஒத்திகைக்கு அவர்களை வீட்டில் இரண்டாம் நாள் அனுப்புவதில்லை. மின் கட்டணத்தை ஜமா கட்டிவிடும். பெருக்கிச் சுத்தம் செய்து, காலை எட்டு மணிக்குள் சாவியைத் திருப்பித் தருவதற்கு ஜமாவில் ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கட்டும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்று வாய்ச்சொல்லில் விட்டால், அவர் ஊருக்குப் போன அன்று பதினெட்டுப் பேரும் பனியில் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கூத்து, நாடக ஒத்திகை நடத்துவோர் சிலர்,
வேலூர் மாவட்டம்.